வாடகைக்கு வரம்பு, பராமரிப்புக்கு?



"அம்மம்மாவை ஹோமில விடுறதா?" எண்டு கேட்டாலே எங்கட வீடுகளில சண்டைதான். ஆனால் மிசிசாகாவின் சொகுசு முதியோர் இல்லங்களில் நன்மையும் உண்டு: பனிக்காலத் தனிமை குறையும், சம்பளமில்லாமல் பராமரிக்கும் மகள்மார் கொஞ்சம் ஆறுவார்கள்.

சிக்கல் காசில. 2018 நவம்பர் நடுப்பகுதிக்கு முதல் ஆக்கள் குடியிருந்த கட்டடமெண்டால் அறை வாடகை உயர்வுக்கு ஒன்ராறியோவில் ஆண்டு வரம்பு உண்டு. சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் எங்கேயும் இல்லை. உடம்பு தளரத் தளர பில் ஏறும்.

மால்டன் வில்லேஜ், ஷெரிடன் வில்லா ஆகிய நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களை பீல் பிராந்தியமே நடத்துது. அடிப்படை அறைக்குக் கட்ட வசதியில்லாதவருக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம்.

பெற்றோரோடு சண்டை பிடிச்சது காணும். பொது இல்லங்களைக் கூட்டு, தமிழ் பேசும் பணியாளருக்கு நல்ல சம்பளம் குடு எண்டு பீல் கவுன்சிலிடம் கேட்போம், வாங்கோ.