அகழி காப்பாற்றாத கோட்டை

கோட்டை என்றாலே போர், பீரங்கி, முற்றுகை என்றுதான் நினைப்பு ஓடும். பிரான்சில் உள்ள அசே-லெ-ரிதோ வேறு ரகம். ஆந்த்ர் ஆற்றுத் தீவு ஒன்றில் 1518-ல் இதைக் கட்டத் தொடங்கிய ழில் பெர்தலோ போர்வீரர் அல்ல, மன்னர் முதலாம் பிரான்சுவாவின் கஜானா அதிகாரி. அவர் அரசு வேலையாக அலைய, கட்டட வேலையை மேற்பார்த்தவர் மனைவி பிலிப்பா. ஆனால் பேர் கணவருக்கு. அநியாயம்!

சுற்றி ஓடும் ஆறே அகழி. மூலைகளில் கூம்புக் கோபுரங்கள், சுவர் உச்சியில் எதிரி தலையில் கல் போடுவதற்கான அமைப்பு... எல்லாம் வெறும் அழகுக்கு! பழைய பிரபுக்களைப் போலத் தெரிய வேண்டும் என்ற புதுப்பணக்கார ஆசைதான். நிஜமான புதுமை படிக்கட்டில் இருக்கிறது. அந்தக் காலத்து பிரெஞ்சுக் கோட்டைகளின் சுழல் படிகளை விட்டுவிட்டு, இத்தாலிய பாணியில் நேராக ஏறும் படிகள். முற்றத்தைப் பார்த்துத் திறந்த வளைவுகள். முகப்பில், பல்லி போன்ற சலமாண்டர், மன்னரின் சின்னம். விசுவாசம் தெரிய வேண்டுமே!

அதுவும் காப்பாற்றவில்லை. ஆபத்து ஆற்றைத் தாண்டி வரவில்லை, கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 1527-ல் மன்னர், பெர்தலோவின் உறவினரான நிதி அதிகாரி சாம்பிளான்சேயைத் தூக்கிலிட்டார். பெர்தலோ ஓடிப்போனார். கோட்டை பறிமுதலாகி, 1535-ல் மன்னரின் காவல்படைத் தலைவர் அந்துவான் ராஃபானுக்குப் போனது. திட்டமிட்ட கட்டடம் இரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டது. புகைப்படங்களில் எல்லோரும் ரசிக்கும் அந்தக் கண்ணாடி போன்ற நீர்ப்பரப்புகூட 20-ம் நூற்றாண்டில் சேர்த்ததுதான். பிலிப்பா அதைப் பார்த்ததே இல்லை.