மருத்துவமனைக் காற்றும் முகக்கவசத்தின் சாதியும்

ஆய்வுப் பணிக்காக ஒரு அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய் வார்டுக்குச் சில வாரங்கள் போய்வந்தேன். காலை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர்கள் என்95 முகக்கவசம் அணிந்திருந்தார்கள். ஒரு படுக்கையருகே ஓரிரு நிமிடம் நிற்பார்கள், அடுத்த படுக்கைக்கு நகர்வார்கள். அதே வார்டில் காலையிலிருந்து மதியம் வரை தரை துடைத்து, விரிப்பு மாற்றி, சளிக் கிண்ணங்களை எடுத்துப் போகும் அக்காவின் முகத்தில் இருந்தது சாதாரண நீலநிற முகக்கவசம். நாடா தளர்ந்து மூக்குக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. "எங்களுக்கு இதத்தான் தம்பி குடுப்பாங்க. அதுவும் போய்க் கேட்டாத்தான்" என்றார்.

அந்த இரண்டு முகக்கவசங்களும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. நீலநிற முகக்கவசம், அணிந்திருப்பவர் இருமும்போது தெறிக்கும் எச்சிலையும் சளியையும் தடுக்கும். அதன் ஓரங்களில் இடைவெளி உண்டு. மூச்சை இழுக்கும்போது காற்று அந்த வழியாகவும் உள்ளே வரும். என்95 முகத்தோடு ஒட்டி இருந்தால் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும். ஆகவே இருமும் நோயாளிக்கு நீலநிற முகக்கவசமும், அந்தக் காற்றை மணிக்கணக்கில் சுவாசிப்பவருக்கு என்95-ம் தேவை. காசநோய்க் கிருமி இருமியவர் எழுந்து போன பிறகும் அறையின் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு யார் டாக்டர், யார் ஒப்பந்தத் தொழிலாளி என்று தெரியாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

ஒருவருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை, அவர் எத்தனை மணி நேரம் அந்தக் காற்றில் இருக்கிறார் என்பது தீர்மானிக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் அதைப் பதவி தீர்மானிக்கிறது. மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர் எனப் படி இறங்க இறங்கப் பாதுகாப்பும் இறங்குகிறது. கடைசிப் படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தினர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மை இங்கே முகக்கவசமாகத் தொங்குகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நோய் 'அழுக்கான' உடல்களைத் தொடுவதால் வருகிறது என்ற எண்ணம் சாதியச் சமூகத்தில் எளிதாக எடுபடும். 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள்மீது கிருமிநாசினி அடித்தார்கள். கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே அந்த மாதத்தில் சொன்னது. நிலைப்பாடு மெல்ல மாறி, 2024-இல் காற்றுவழிப் பரவலுக்கான பொதுச் சொற்களை அது வெளியிட்டது. அறிவியல் தன் தவறைத் திருத்திக்கொண்டது. தீட்டு அப்படித் திருத்திக்கொள்வதில்லை. தூய்மைப் பணியாளருக்குத் தனி டம்ளர் வைப்பதால் ஒரு கிருமியும் சாகாது. ஜன்னலைத் திறந்தால் கிருமிகள் வெளியேறும்.

ஜன்னல் என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. பெருவின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளின் 70 அறைகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. ஆபத்து மிகுந்த இடங்களில் மணிக்கு 12 முறை அறைக் காற்று மாற வேண்டும் என்பது பரிந்துரை. கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து வைத்தபோது அங்கே சராசரியாக 28 முறை மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிடச் சிறப்பாக இருந்தன. நாமோ ஏசி மாட்டுவதற்காக ஜன்னல்களை அடைத்துவிட்டு, அதை நவீனமயம் என்கிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. இருமலோடு வருபவர்களைப் பிரித்து முதலில் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதைக் காற்றுவழித் தொற்றுத் தடுப்புக்கான 2010 தேசிய வழிகாட்டுதல்களே சொல்கின்றன. 2016 உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தகுந்த பாதுகாப்புக் கருவிகளும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனையும் தருவது மருத்துவமனையின் கடமை. ஆனால் வேலை ஒப்பந்தத்தில் போனதும் கடமை காணாமல் போகிறது. மருத்துவமனையைக் கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டும். ஏஜென்சி டெண்டர் தொகையைக் கை காட்டும்.

அந்த அக்காவிடம் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டேன். "இருமல்னு சொன்னா நாளைக்கு வேற ஆள் வந்துரும்" என்றார். தொற்றுத் தடுப்பு தோற்கும் இடம் இதுதான். வேலை போய்விடும் என்று பயந்து ஒருவர் இருமலை மறைத்தால், அவருடைய நோய் முற்றுகிறது. அவர் வீட்டுக் குழந்தைக்கும், வார்டில் படுத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கும் அது பரவுகிறது. கடைசிப் படியில் நிற்பவரைக் கைவிட்டுவிட்டு மேல்படியில் இருப்பவர்கள் மட்டும் பத்திரமாக இருக்க முடியாது. அப்படி முடிந்தாலும்கூட அது அநீதிதான்.

'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினோம். நல்லது. இனி மாற வேண்டியவை வேறு. ஆபத்தான வார்டுகளில் தூய்மைப் பணியாளருக்கும் வார்டு உதவியாளருக்கும் முகத்துக்குப் பொருந்தும் என்95 தரப்பட வேண்டும். ஆண்டுதோறும் காசநோய்ப் பரிசோதனையும், நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும், திரும்பி வந்தால் அதே வேலையும் உறுதி செய்யப்பட வேண்டும். இவை டெண்டர் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவில் தூய்மைப் பணியாளர்களின் பிரதிநிதி உட்கார வேண்டும். எந்த ஜன்னல் திறக்காது, எந்த மூலையில் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த பெருந்தொற்று வந்தால் மறுபடியும் கைதட்டச் சொல்வார்கள். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தரை துடைக்கும் அக்காவுக்கு என்95 கொடுத்துவிட்டீர்களா?