சுண்ணாம்புக் கல்லில் ஒரு பாடம்



விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உம்மா, மூலகம், சேர்வை, கலவை என்றால் என்ன?" என்று பிள்ளை கேட்டால், "நாளைக்கு டீச்சரிடம் கேள்" என்று அனுப்பிவிடாதீர்கள். விடை உங்கள் குசினியிலும் வெற்றிலைத் தட்டிலும் இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கோ அது காலடியிலேயே கிடக்கிறது.

முதலில் கலவை. கொத்தமல்லி, சீரகம், மிளகு எல்லாம் சேர்த்துக் கறித்தூள் இடிக்கிறீர்கள். மிளகு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது கறித்தூள்தான். ஒவ்வொன்றும் தன் வாசனையை இழப்பதில்லை. அரிசியில் கல் இருந்தால் சுளகில் புடைத்து, அரித்து எடுத்துவிடுகிறோம். உப்புத் தண்ணீரும் கலவையே. உப்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை வற்றவிட்டால் அடியில் மிஞ்சும். சேர்ந்திருந்தாலும் குணம் மாறாதது, எளிதாகப் பிரிக்கக்கூடியது கலவை.

மூலகம் என்பது, எந்த இரசாயன முறையாலும் அதைவிட எளிய பொருளாகப் பிரிக்க முடியாதது. சுத்தத் தங்கம் மூலகம். ஆனால் உங்கள் 22 கரட் நகை மூலகமல்ல. அதில் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. ஆகவே அது கலவை.

இனிச் சேர்வை. மாத்தளைப் பகுதியில் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் தொழில் பழக்கமானது. அந்தக் கல்லின் முக்கிய பொருளான கல்சியம் காபனேற்றில் மூன்று மூலகங்கள் உண்டு. கல்சியம், தண்ணீரில் போட்டால் குமிழி விடும் உலோகம். காபன், அடுப்புக் கரியில் இருப்பது. ஒட்சிசன், நாம் சுவாசிப்பது. கல்லைப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றின் சாயலாவது தெரிகிறதா? சுளகாலும் அரிதட்டாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. அளவும் மாறாது: 100 கிராமில் கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் 48. உலகில் எங்கே எடுத்தாலும் இதே கணக்குத்தான்.

ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் சூட்டில் இந்த 100 கிராம் என்ன ஆகிறது? 44 கிராம் காபனீரொட்சைட்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சும் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்குப் பூசுவதும் இதுவே. சுவரில் பூசியது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல இழுத்து, மறுபடி பழைய கல்லின் பொருளாகவே இறுகிவிடும்!

இன்னொன்று. மாத்தளைக் கல்லில் மகனீசியமும் சேர்ந்த தொலமைட்டு என்ற சேர்வையும், வேறு கனியங்களும் கலந்திருக்கும். ஆகவே கல் ஒரு கலவை, அதற்குள் இருப்பவை சேர்வைகள், அவற்றுக்குள் மூலகங்கள். ஒரே கல்லில் முழுப் பாடமும் முடிந்தது.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமல்ல. பாலிலும் கல்சியம், சுண்ணாம்பிலும் கல்சியம். அதனால் இரண்டும் ஒன்றாகுமா? மூலகத்தின் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேர்வைக்குச் சேர்வை குணம் வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. சிறு பொலித்தீன் பையில் கட்டிய சுண்ணாம்பைக் குழந்தை அமுக்கி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறித்தால், கண்ணைச் சுட்டுப் பார்வையையே பறித்துவிடலாம்.

அப்படி நேர்ந்தால் கண்ணைக் கசக்க விடாதீர்கள். உடனே இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புளிப்பு காரத்தை முறிக்கும் என்று எண்ணித் தேசிக்காய்ப் புளி விடாதீர்கள். அது புண்ணை இன்னும் கெடுக்கும். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

மலசலகூடம் கழுவும்போதும் கவனம். வெளிற்றும் திரவத்தையும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் அது வெறும் கலவையாக நின்றுவிடாது. நெஞ்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

ஆகவே பிள்ளை கேட்டால் கறித்தூளையும் நகையையும் சுண்ணாம்பையும் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சொல்லி முடித்ததும் அந்தச் சுண்ணாம்பை நன்றாக மூடி, சின்னவர்களின் கை எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.