நியாயசாஸ்திரிக்கும் நூற்றுக்கு நூறுதான்

போன ஞாயிறு எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. காலையில், வேதாகம வினாடி வினாவில் நம் பிள்ளைகளுக்கு முதல் பரிசு என்று ஒரு போட்டோ. சந்தோஷம்தான். சாயங்காலம், அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவரே தன் மகனுக்குப் பெண் தேடி ஒரு அறிவிப்புப் போட்டார். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் வேண்டுமாம். கடைசி வரி: "நம்மவர்கள் மட்டும்." அதற்குக் கீழேயும் பத்துப் பன்னிரண்டு "ஆமென்".

"நம்மவர்கள்" என்றால் யார் என்று வெளியாருக்குத்தான் விளக்க வேண்டும். நமக்கு வேண்டாம்.

இதைக் கோபமாக எழுத எனக்குத் தகுதி குறைவு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாள் முதல் ஓய்வு பெற்றது வரை, வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஆறாவது நாள் ஞாயிறு பள்ளி. 66 புத்தகங்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைகளை வரிசை வரிசையாக உருவாக்கி அனுப்பியவள் நான்.

1989 என்று நினைவு. யோவான் நான்காம் அதிகாரம் நடத்தினேன். ஊர் பெயர் என்ன? சீகார். யாருடைய கிணறு? யாக்கோபுடையது. அந்த ஸ்திரீக்கு எத்தனை புருஷர் இருந்தார்கள்? ஐந்து. எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கியது ஒரே பிள்ளைதான். காலனியிலிருந்து வருகிறவள். ஆராதனை முடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்தாள். தாகம் என்றாள். என் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் டம்ளரில் அல்ல. கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளரில்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று போனாள். கழுவி வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான், யூதர் தீண்டாத சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பாடம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மாவின் வேதாகமத்தில் கோடு போடாத பக்கம் கிடையாது.

நல்ல சமாரியன் கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஆனால் அந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதைக் கவனித்திருக்கிறோமா? கேள்வி கேட்ட நியாயசாஸ்திரிக்கு வேதம் தெரியாமல் இல்லை. தேவனையும் பிறனையும் நேசிக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னான். சரியான பதில் என்று இயேசுவே ஒப்புக்கொண்டார். நம் கணக்கில் அவனுக்கு நூற்றுக்கு நூறு, கேடயம், போட்டோ எல்லாம் உண்டு. இயேசு அவனிடம் கேட்டது பதிலை அல்ல, அதன்படி செய்வதை. கடைசியில் அந்த மூவரில் யார் பிறன் என்று கேட்டபோதும் "சமாரியன்" என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. இரக்கம் செய்தவன் என்று சுற்றி வளைத்தான். நம் ஆட்கள் "அந்தத் தெருக்காரங்க" என்று சொல்வது மாதிரி.

இதெல்லாம் சமுதாயத்தில் உள்ளது, சபை என்ன செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். ஐயா, சபை செய்ததை நாமே அல்லவா முறியடித்தோம்! சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில், பீடம் ஒன்று, சனங்கள் உட்கார இரண்டு பக்கம் என்று கோயிலையே அப்படிக் கட்டினார்கள். பிற்பாடு ஆயர் அந்தத் தடுப்பை எடுத்தபோது வழக்குப் போட்டார்கள். நல்ல வேளை, சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணமே சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. அந்த அளவுக்காவது மனசு வந்ததே.

இன்னொன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு அட்டவணைச் சாதி உரிமை இல்லை. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஆம் தேதி கருப்பு நாள் அனுசரிக்கிறோம். நியாயமான கோரிக்கை, நானும் போய் நின்றிருக்கிறேன். மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தீரவில்லை என்று டெல்லிக்கு மனு எழுதுகிறோம். அடுத்த ஞாயிறே பிரசங்க பீடத்தில் ஏறி, கிறிஸ்துவுக்குள் நாம் எல்லாரும் ஒன்று, நமக்குள் சாதி ஏது என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

வீட்டு விஷயத்தை ஏன் டீச்சர் வெளியே போடுகிறீர்கள், மற்ற மதத்தார் சிரிப்பார்களே என்று உள்பெட்டியில் வருவார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும், தம்பி. தெரியாத மாதிரி இருப்பது நாம்தான்.

என் சித்தி மகன் தன் மகளுக்கு வரன் பார்க்கிறான். "அக்கா, உங்களுக்குத்தான் எல்லாச் சபையிலும் ஆள் பழக்கம், நாலு பேருக்கு அனுப்புங்க" என்று பயோடேட்டா அனுப்பினான். அதிலும் அதே கடைசி வரி. "அந்த வரியை எடுத்துட்டு அனுப்பு, நாலு பேருக்கு இல்ல, நூறு பேருக்கு அனுப்புறேன்" என்றேன்.

"உங்க மகளுக்கு 2009ல நீங்க எப்படிப் பாத்தீங்க அக்கா?" என்றான்.

உண்மை. அன்றைக்கு அதே வரியை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி, நீ பண்ணாத" என்றேன். போனை வைத்துவிட்டான். பத்து நாளாகிறது. வரியை எடுத்த பயோடேட்டா இன்னும் வரவில்லை.