ஓட்டர்களும் தலைவர் பக்தியும்

1971-ம் வருஷ எலெக்ஷனில் வறுமையை ஒழிப்பதாகச் சொன்ன இந்திரா காந்தி அம்மையார் கட்சிக்கு 352 ஸ்தானங்களை அள்ளிக் கொடுத்த ஓட்டர்கள், 1977-ல் அதை 154-க்கு இறக்கி, ரேபரேலியில் அம்மையாரையே 55,202 ஓட்டில் தோற்கடித்தார்கள். இதை நன்றிகெட்டதனம் என்பவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். விசாரணையின்றி ஜெயிலிலடைத்து, பத்திரிகைகளின் வாயைக் கட்டி, வடநாட்டு ஏழைகளுக்குப் பலவந்தமாய்க் கருத்தடையும் செய்த 21 மாத நெருக்கடி நிலைக்கு யார் நன்றி செலுத்துவது?

“இந்தியாதான் இந்திரா” என்று கட்சித் தலைவர் பரூவா பூசாரி வேலை பார்த்தாரே, சாமியிடம் கணக்குக் கேட்பாருண்டா? (நம்மவர் தர்மகர்த்தாவையே கேட்பதில்லை!)

நிற்க, ஜனதாக் கட்சியார் தமக்குள் அடித்துக்கொண்டது கண்டு, 1980-ல் அதே ஜனங்கள் 353 ஸ்தானங்களுடன் அம்மையாரைத் திரும்ப அழைத்தார்களே, அந்த ஏழைகளுக்கு என்ன ஜவாப் என்று எத்தனை பேர் கேட்டுவிட்டு ஓட்டுப் போட்டார்கள்?