சிறுவனின் வாயை அடைத்த விதி

தன்பாலீர்ப்பு உள்ள ஆணைச் சிறுவர்களுக்குப் பொறுப்பாக விடக்கூடாது, விட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து. படித்தவர்கள், நல்லவர்கள், பெற்ற பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன். அந்த நம்பிக்கையை மதிக்க என்னால் முடியாது. அது பொய். பொய் என்பதோடு போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. யாரைக் காப்பதாகச் சொன்னதோ அந்தப் பிள்ளைகளையே அது காவு கொடுத்திருக்கிறது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் இயக்கத்தின் வரலாறு அதற்குச் சாட்சி.

1910-இல் தொடங்கிய இயக்கம் அது. தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் சாரணர் தலைவராக இருக்க முடியாது என்று 1978-இல் அதன் தலைமை ஓர் உள்குறிப்பில் எழுதிவைத்தது. நியூ ஜெர்சியின் ஜேம்ஸ் டேல் எட்டு வயதில் சேர்ந்து, இயக்கத்தின் மிக உயர்ந்த தகுதியான ஈகிள் ஸ்கவுட் வரை வந்தவர். 1990-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பின் இணைத் தலைவராக அவர் இருப்பது நாளிதழில் வந்தது. துணைச் சாரணர் தலைவர் பொறுப்பும் உறுப்பினர் தகுதியும் போயின. அவர் நடத்தையில் எந்தக் குறையும் யாரும் காட்டவில்லை.

டேல் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இயக்கம் வென்றது. அங்கே அது சொன்ன காரணம், சாரணர் உறுதிமொழியில் வரும் ஒழுக்க நேர்மைக்கும் விதிகளில் வரும் தூய்மைக்கும் தன்பாலீர்ப்பு ஒவ்வாது என்பது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்தச் சொற்களுக்கு இயக்கத்தின் கையேடுகளில் அப்படி ஒரு பொருளே இல்லை என்று எடுத்துக்காட்டினார். பாலுறவு பற்றிச் சிறுவர்கள் கேட்டால் பெற்றோரிடமோ மதகுருவிடமோ அனுப்பிவையுங்கள் என்றுதான் அந்த இயக்கமே தன் தலைவர்களுக்குச் சொல்லியிருந்தது. நீதிமன்றத்தில் ஒழுக்கம் பேசப்பட்டது. பெற்றோரிடையே அந்த விதியைத் தாங்கிப் பிடித்தது பயம்தான்.

இதே இயக்கத்தின் தலைமையகத்தில் 1920களிலிருந்தே இன்னொரு பதிவேடும் இருந்தது. சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகப் புகார் வந்தவர்களின் ரகசியக் கோப்புகள். 1965 முதல் 1985 வரை ஏறத்தாழ 1,200 பேரைப் பற்றிய கோப்புகள், ஆரிகன் மாநில நீதிமன்ற உத்தரவால் 2012 அக்டோபரில் வெளியே வந்தன. ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர்கள் அவற்றில் இருந்தார்கள். காவல்துறைக்குச் சொல்லாமல் மூடிய புகார்கள் இருந்தன. விலக்கப்பட்ட பிறகும் வேறு குழுவில் நுழைந்துவிட்டவர்கள் இருந்தார்கள். டேலை வெளியேற்ற ஒரு நாளிதழ்ச் செய்தி போதுமாக இருந்தது. சிறுவர்களைச் சீரழித்தவர்களின் பெயர்களோ பெற்றோர் கண்ணில் படாமல் பூட்டிக் கிடந்தன. வேலி பயிரை மேய்வதைப் பார்த்துக்கொண்டே, தெருவில் போனவனைத் திருடன் என்று துரத்தினார்கள்.

"எல்லாம் ஆண்கள், பாதிக்கப்பட்டவர்களும் சிறுவர்கள்; அப்படியானால் அது தன்பாலீர்ப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வயதுவந்த ஆணை விரும்புவது வேறு. குழந்தையின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. சிறுமியிடம் அத்துமீறுகிற ஆணைப் பார்த்து, பெண்களை விரும்பும் ஆண்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. 2013-இல் விதியை மறு ஆய்வு செய்தபோது இயக்கம் கருத்துக் கேட்ட நிபுணர்களே, தன்பாலீர்ப்புக்கும் குழந்தைகள் மீதான வன்முறைக்கும் தொடர்பில்லை என்றார்கள். பிள்ளையைக் காப்பது எது என்பதும் இயக்கத்துக்குத் தெரியாததல்ல. எந்தப் பெரியவரும் ஒரு சிறுவனோடு தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இரு பெரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 1980களில் அதுவே கொண்டுவந்தது. அந்தக் கட்டுப்பாடு யார் யாரை விரும்புகிறார் என்று கேட்பதில்லை.

2013-இன் முடிவு அரைக் கிணறு தாண்டியது. தன்பாலீர்ப்புள்ள சிறுவர்கள் சேரலாம், பெரியவர்கள் கூடாது. 2014 பிப்ரவரியில் மேரிலாந்தின் பாஸ்கல் டெஸ்ஸியர் தன்னை மறைத்துக்கொள்ளாமலே ஈகிள் ஸ்கவுட் ஆனார். அதே ஆண்டு அவருக்குப் பதினெட்டு வயது முடிந்தது. தகுதியற்ற பெரியவர் ஆகிவிட்டார். முந்தைய நாள்வரை பெருமைக்குரிய பையன், விடிந்ததும் ஆபத்தா? 2015 ஜூலையில்தான் பெரியவர்களுக்கான தடையும் நீங்கியது. அப்போதும் தேவாலயங்கள் நடத்தும் குழுக்கள் தங்கள் விருப்பப்படி விலக்கிக்கொள்ளலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்தார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இவை எதுவும் இல்லை. சாரணர் தலைவரால் சீரழிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் நேசிக்கும் இயக்கம், தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை என்கிறது. தனக்கு நடந்ததைச் சொன்னால் நானும் அப்படிப்பட்டவன் என்று ஆகிவிடுமோ, சீருடையைக் கழற்றச் சொல்வார்களோ, அப்பா என்ன நினைப்பார் என்று அவன் மனம் அலைபாயும். வாயை மூடிக்கொள்வான். அத்துமீறுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். பிள்ளைகளைக் காப்பதாகச் சொன்ன விதி, குற்றவாளிக்குக் காவல் நின்றது.

2020 பிப்ரவரியில் இயக்கம் திவால் மனு போட்டது. சிறுவயதில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். அவர்களில் பலர் பேரன் பேத்தி எடுக்கும் வயதினர். அத்தனை காலம் வீட்டில்கூடச் சொல்லாததை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.