உடனடிப் பயன் என்ன?

ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் முதலிலேயே ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்பது தவறு. 1952-இல் ஹார்வர்டில் ஃபெரோசீன் என்ற சேர்மத்தை ஆராய்ந்த வேதியியலாளர் ஜெஃப்ரி வில்கின்சனுக்கு, இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பணு எப்படி அமர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி பேராசிரியராக்கியது. அங்கேதான் 1960-களில் அவருடைய ரோடியம் வினையூக்கி பிறந்தது. கரைப்பானில் கரைந்து, அறை வெப்பத்திலேயே கார்பன் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் செந்நிறப் பொருள் அது. அதில் ரோடியத்தோடு இணைந்திருந்த பாஸ்பீன்கள் என்ற பாஸ்பரஸ் சேர்மங்களை வேதியியலாளர் வில்லியம் நோல்ஸ் மாற்றியமைத்தார். அதன் பயனாகப் பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்து தொழிற்சாலையில் தயாரானது. வரிப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும், ஆனால் ஃபெரோசீனிலிருந்து எல்-டோபாவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மூன்றாண்டுத் திட்ட அறிக்கையில் அந்தக் கணக்கு அடங்காது. நிதிக் குழுக்கள் அடிப்படை ஆய்வுக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்கட்டும்.